கார்ட்டின் முன் பம்பர் சரிந்தால் ஏன் 5 விநாடி?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கார்ட் பந்தயம் பற்றி ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. முதலாவதாகக் கோட்டைத் தாண்டிய பையனுக்கு, வண்டியின் முன்னால் இருந்த பிளாஸ்டிக் துண்டு சரிந்துவிட்டது என்ற காரணத்துக்காக 5 விநாடி தண்டனை போட்டுக் கீழே தள்ளிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதற்கும் இடம் கிடைக்காத பக்கத்தில் கார்ட்டுக்கு நாலு வரி கிடைத்ததே பெரிது, அதற்கு நன்றி. ஆனால் அந்த நாலு வரியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரம்மா முதல் பட்டறைக்கு வரும் டீக்கடைத் தம்பி வரை எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான், "ஒரு பிளாஸ்டிக்குக்குப் போயா ஜெயிச்ச பையனைத் தூக்குவாங்க?" தூக்குவார்கள். ஏன் என்று செய்தியில் ஒரு வரி சேர்த்திருந்தால் நான் இந்தக் கடிதம் எழுதவேண்டி வந்திருக்காது.

நான் கோவையில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மகள் ஜூனியர் பிரிவில் கார்ட் ஓட்டுகிறாள், நான்தான் அவளுக்கு டிரைவர், மெக்கானிக், டயர் தூக்கும் ஆள் எல்லாம். மோட்டார் பந்தயம் எங்கள் ஊருக்குப் புதிதில்லை. செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் ரேஸ் டிராக் இருக்கிறது, 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாம் பெரும்பாலும் தப்புச் செய்து, திட்டு வாங்கித் தெரிந்துகொண்டவை. அதனால் கொஞ்சம் அழுத்தமாகவே நினைவிருக்கின்றன.

முதலில், கார்ட் என்பது மால்களில் பத்து நிமிடத்துக்குக் காசு கட்டி ஓட்டும் வண்டி இல்லை. இரும்புக் குழாயில் வெல்டிங் செய்த ஒரு சட்டம், அதில் சஸ்பென்ஷன் கிடையாது, வளைவில் இரண்டு பின்சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் கிடையாது, சீட் பெல்ட்டும் கிடையாது. பின்னால் 125 சிசி டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், அது நிமிடத்துக்குப் பதினாலாயிரம் சுற்று வரை போகும், சில இன்ஜின்கள் பதினாறாயிரம் வரைக்கும். தரைக்கும் ஓட்டுபவரின் இடுப்புக்கும் நடுவில் சில சென்டிமீட்டர்தான். இந்த வண்டியில் பிளாஸ்டிக் நாலு இடத்தில் வரும். முன்னால் பம்பர், ஸ்டியரிங்குக்கு முன்னால் நம்பர் ஒட்டும் பலகை, இரண்டு பக்கமும் சைட் பாட், பின்னால் பின்சக்கரப் பாதுகாப்பு. 1956-இல் அமெரிக்காவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டைக் கட்டியபோது இதெல்லாம் ஒன்றும் கிடையாது, சட்டமும் புல்வெட்டும் மெஷினின் இன்ஜினும்தான். அப்புறம் ஏன் வந்தது என்றால், சக்கரம் வெளியே தெரியும் இரண்டு வண்டிகள் உரசினால் ஒன்றின் முன்சக்கரம் மற்றதன் பின்சக்கரத்தில் ஏறும், ஏறிய வேகத்தில் வண்டி ஆளோடு தூக்கி எறியப்படும். அந்தச் சக்கரங்களை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாமல் பிரித்து வைக்கத்தான் இந்தப் பிளாஸ்டிக். ஸ்டிக்கர் ஒட்ட வசதியாக இருப்பது பிறகு கிடைத்த லாபம்.

சரி, தண்டனைக்கு வருவோம். சைட் பாட், பின் பாதுகாப்பு, நம்பர் பலகை இவை எதுவும் கழலவே கூடாது. ஆனால் முன் பம்பர் மட்டும், அடி வாங்கினால் இடம் பெயர்ந்தே ஆக வேண்டும். இதைத்தான் ஆட்கள் குழப்பிக்கொள்கிறார்கள், உங்கள் நிருபர் உட்பட.

முன்பெல்லாம் முன் பம்பரையும் இறுக்கித்தான் மாட்டினார்கள். அதனால் என்ன ஆனது என்றால், பின்னால் வருபவன் வளைவுக்குள் நுழையும்போது முன்னால் போகிறவனை ஒரு இடி இடித்து அகலத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்துவிடுவான். இடித்தவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை, இடி வாங்கியவன் புல்லில் கிடப்பான். எந்த டிராக்கிலும் இதே கதை. இதை நிறுத்த உலகக் கார்ட்டிங் அமைப்பு 2015 வாக்கில் ஒரு வழி கொண்டுவந்தது. பம்பரை இரண்டே இரண்டு பிளாஸ்டிக் கிளாம்புகளில், கொக்கிபோல் மடக்கிப் பூட்டும் கிளாம்புகள், மாட்ட வேண்டும். முன்னால் நேராக ஒரு அடி விழுந்தால் பம்பர் குழாயின் மேல் பின்னோக்கி நகர்ந்து சரிந்து நிற்கும். கீழே விழாது, ஆனால் பார்த்தாலே தெரியும். பந்தயம் முடிந்து கொடி விழும்போது பம்பர் சரியான இடத்தில் இல்லை என்றால் 5 விநாடி, சர்வதேசப் போட்டிகளில் கணக்கு அதுதான். நம் ஊர்ப் போட்டிகளும் பெரும்பாலும் அந்த விதிப்புத்தகத்தைத்தான் பின்பற்றுகின்றன. அதைப் பார்த்துச் சொல்ல என்றே ஆட்களை நிறுத்தியிருப்பார்கள். கிரிக்கெட்டில் டிஆர்எஸ் வருவதற்கு முன் அம்பயர் விரல் தூக்கிய மாதிரி, அவர்கள் பார்த்தது பார்த்ததுதான்.

அந்த 5 விநாடி கார்ட்டில் எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டும். முன்னணியில் ஏழெட்டுப் பேர் ஒரு விநாடி இடைவெளிக்குள் ரயில்பெட்டி மாதிரி ஒட்டிக்கொண்டு வருவார்கள். 5 விநாடி கூட்டினால் அத்தனை பேரும் முன்னால் போய்விடுவார்கள். அதனால்தான் அந்தப் பையன் அவ்வளவு கீழே போனான்.

இதில் அநியாயமே இல்லையா என்றால், இருக்கிறது, நான் மறைக்கவில்லை. பின்னால் வந்தவன் உங்களை இடித்து, அந்த வேகத்தில் நீங்கள் முன்னால் போகிறவனை இடித்தால் உங்கள் பம்பரும்தான் சரியும். முன்னால் போகிறவன் வேண்டுமென்றே வளைவில் சீக்கிரம் பிரேக் அடித்தாலும் சரியும். மகளுக்கே ஒரு முறை அப்படி நடந்தது, வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். அந்த வகைக்கு ஒரு விலக்கு வேண்டும் என்று யாராவது எழுதினால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஆனால் "பிளாஸ்டிக் கழன்றதற்கு ஏன் தண்டனை" என்பது வேறு, "இடிபட்டு இடித்தவனுக்கு ஏன் தண்டனை" என்பது வேறு. முதல் கேள்வியைக் கேட்டால் அதிகாரிகள் சிரிப்பார்கள், இரண்டாவதைக் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது இந்த விதியை ஏமாற்றுபவர்கள் பக்கம். நம் ஆட்களின் கைவேலையைக் கேட்க வேண்டுமா! கிளாம்புக்கு உள்ளே தெரியாமல் ஒரு கேபிள் டை, குழாயில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் ஒரு சுற்று, ஃபெவிக்விக் ஒரு சொட்டு, கருப்புப் பிளாஸ்டிக்குக்கு மேல் கருப்பு இன்சுலேஷன் டேப். ஒரு ஆள் கிளாம்பைச் சுடுதண்ணீரில் போட்டு இறுக்கமாக வளைத்துக்கொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரு லேத்காரனாக ரசித்தேன், ஒரு அப்பாவாக வயிறு எரிந்தது. இதெல்லாமே விதிமீறல்தான். பம்பரும் கிளாம்பும் அங்கீகாரம் பெற்றவையாக, அதற்கான எண்ணோடு, வந்தபடியே இருக்க வேண்டும், பம்பர் பின்னால் நகர்வதை எதுவும் தடுக்கக் கூடாது. சர்வதேசப் போட்டிகளில் பம்பரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஸ்டார்ட் பகுதிக்குள் வர வேண்டும், அங்கே ஸ்க்ரூட்டினியர், அதாவது வண்டியைச் சோதிக்கும் அதிகாரி, கண் முன்னால்தான் மாட்ட வேண்டும். ஏமாற்றுகிறவனுக்கு அதற்கு மேல் வழியில்லை. நம் ஊரில் எல்லாப் போட்டியிலும் இதைச் செய்கிறார்களா என்றால், நான் போன ஒரு போட்டியில் செய்யவில்லை. எந்தப் போட்டி என்று சொல்லப் போவதில்லை, சம்பந்தப்பட்டவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கே தெரியும். காலையில் ஒரு முறை வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டார்கள். காலைக்கும் ஃபைனலுக்கும் நடுவில் ஆறு மணி நேரம் இருக்கிறது, அந்த ஆறு மணி நேரத்தில் நம் ஆட்கள் ஒரு வண்டியையே புதிதாகக் கட்டிவிடுவார்கள்.

முன் பம்பர் என்றதும் கார்ட்டிங் தெரிந்தவர்களுக்கு நினைவு வருவது இன்னொன்று. 2020 அக்டோபரில் இத்தாலியின் லொனாட்டோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில், மோதி வெளியே போன ஒரு ஓட்டுநர் தன் முன் பம்பரைக் கையில் தூக்கிக்கொண்டு டிராக் ஓரத்தில் காத்திருந்து, தன்னை மோதியவர் சுற்றி வந்ததும் அவர் மேல் வீசினார். வீடியோ உலகம் முழுக்கப் பரவியது, பிறகு அவருக்கு 15 வருடத் தடை. பம்பர் மேல் அவ்வளவு கோபம்! எங்கள் வாட்ஸாப் குழுவில் இன்றும் யாராவது பம்பர் தண்டனை வாங்கினால் அந்த வீடியோவைத்தான் போடுகிறார்கள்.

இனி இறுக்கி மாட்ட வேண்டியவை. இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும், வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருடம் ஒரு பயிற்சி நாளில், முந்தைய இரவு சைட் பாட் மாற்றும்போது புது நைலாக் நட்டு தீர்ந்துவிட்டது. ஹார்டுவேர் கடை மூடியாயிற்று. பழைய நட்டையே திரும்பப் போட்டேன். நைலாக் நட்டின் உள்ளே இருக்கும் நைலான் வளையம்தான் அது அதிர்வில் கழலாமல் பிடித்துக்கொள்வது. நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் அந்த வளையம் தேய்ந்துவிடும், அப்புறம் அது வெறும் நட்டு. இதை நான் பட்டறையில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன்! மூன்றாவது சுற்றில் பாட்டின் பின்பக்கக் கிளாம்ப் விட்டுவிட்டது, பாட் திரும்பிப் பின் டயரில் தேய்ந்து புகை வந்தது. டிராக் ஓரத்தில் கொடி காட்டும் மார்ஷல் அவள் நம்பரோடு கருப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் போட்டதைக் காட்டினார், அதாவது உன் வண்டியில் ஆபத்தான கோளாறு, உடனே டிராக்கை விட்டு, வண்டியைச் சரிபார்க்கும் பிட்டுக்கு வா என்று அர்த்தம். வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "நீங்கதானப்பா மாட்டினீங்க?"

அந்தப் பாட் டிராக்கின் நடுவில் விழுந்திருந்தால், பின்னால் வந்த பிள்ளைகளின் கதி? நூறு கிலோமீட்டர் வேகத்தில், தரையை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, எதிரே கதவு நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக். இதை நினைத்து அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்னொரு கணக்கும் இருக்கிறது. பந்தயம் முடிந்ததும் வண்டியையும் ஓட்டுநரையும் சேர்த்து எடை போடுவார்கள், குறைந்தபட்ச எடைக்கு ஒரு துளி குறைந்தாலும் தகுதி நீக்கம்தான். பாட்டை டிராக்கில் விட்டுவிட்டு வந்தால் எடையும் போச்சு. எடை கூட்ட வைக்கும் ஈயக்கட்டிக்குக் குறைந்தது இரண்டு போல்ட், ஒவ்வொன்றும் குறைந்தது 6 மில்லிமீட்டர் விட்டம் என்று விதியே உண்டு, ஆனால் பாட்டை இரண்டு கேபிள் டையில் தொங்கவிட்டு வருகிற அப்பாக்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாட்டை மாட்டுவதில் விதிகள் சொல்வது ரொம்பப் பேருக்குத் தெரியாது, அல்லது ஆங்கிலத்தில் இருப்பதால் படிப்பதில்லை. தரையிலிருந்து குறைந்தது 25, அதிகபட்சம் 60 மில்லிமீட்டர் உயரம், அதுவும் ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும்போது அளந்தது. ஆளில்லாமல் அளந்துவிட்டு "சரியாத்தானே இருக்கு" என்று சண்டை போடக் கூடாது. முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டின் வெளி ஓரத்தையும் ஒரு நேர்கோட்டில் இணைத்தால் அந்தக் கோட்டைத் தாண்டிப் பாட் வெளியே வரக் கூடாது, 40 மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகவும் கூடாது. முனைகள் எல்லாம் வளைந்திருக்க வேண்டும், குறைந்தது 5 மில்லிமீட்டர் ஆரம், கத்திபோல் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கார்பன் ஃபைபர், கெவ்லார், கண்ணாடி இழை எல்லாம் கூடாது, உடைந்தால் அவை ஊசி ஊசியாகச் சிதறும். எனக்குப் பிடித்த விதி, மாட்டுவதற்குத் தேவையான துளைகளைத் தவிரப் பாட்டில் வேறு துளையோ வெட்டோ இருக்கக் கூடாது என்பது. ஏன் பிடிக்கும் என்றால், இது எங்கள் தொழிலோடு நேராக மோதுகிறது. தகட்டிலோ பிளாஸ்டிக்கிலோ விரிசல் ஓடினால் அதன் நுனியில் சின்னத் துளை போட்டு விரிசலை நிறுத்துவது எந்தப் பட்டறைக்காரனும் செய்யும் வேலை. விதியை எழுத்துக்கு எழுத்து படித்தால் அந்தத் துளை கூடாது. விரிசல் விட்ட பாட்டை வைத்துச் சமாளிக்காதே, மாற்று என்கிறது விதி. ஒரு பாட்டின் விலையைப் பார்த்தால் மனசு கேட்காது, ஆனால் விதி சொல்வது சரிதான்.

துளை போடும்போதும் ஒரு விஷயம். புதுப் பாட்டுக்குத் துளையை நாம்தான் போட வேண்டியிருக்கும். போல்ட்டுக்குத் தக்க அளவில், வளைவிலும் ஓரத்திலும் இல்லாமல் தட்டையான இடத்தில் போட வேண்டும். போல்ட் தலைக்கு அடியில் அகலமான வாஷர் கட்டாயம், சின்ன வாஷர் போட்டால் நாலு பந்தயத்தில் பிளாஸ்டிக்கைக் கிழித்துக்கொண்டு போல்ட் வெளியே வந்துவிடும். முடிந்தால் ஒரு ரப்பர் வாஷரும். உருண்டை வடிவத் தலை வெளியே, நட்டு உள்ளே, நட்டுக்கு வெளியே இரண்டு மரை தெரிய வேண்டும், இருபது மரை நீட்டிக்கொண்டிருந்தால் அது பக்கத்து வண்டியின் டயருக்கு வைத்த ஆணி. இறுக்கும்போது பிளாஸ்டிக் குழிந்துபோகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. என் பட்டறைப் பையன்கள் கை வலுவைக் காட்ட நினைக்கும் இடம் இதுதான், நான் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொள்வேன்.

ஆனால் நம்பிக்கையோடு கண்ணை மூடி இறுக்கிவிட்டுப் போகவும் முடியாது, ஏனென்றால் சஸ்பென்ஷன் இல்லாத வண்டியில் குழாய்ச் சட்டம் முறுக்கி வளைவதுதான் சஸ்பென்ஷன். சைட் பாட்டையும் முன் பம்பரையும் தாங்கும் குழாய்களான சைட் பார், முன் பார், அப்புறம் பின் பாதுகாப்பு இவற்றின் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்குகிறோம் என்பதைப் பொறுத்துச் சட்டம் விறைக்கும் அல்லது தளரும், வளைவில் பிடிமானம் மாறும். அனுபவப்பட்ட மெக்கானிக்குகள் பிடிமானம் அதிகமாகி வண்டி ஒட்டிக்கொள்கிறது என்றால் சைட் பார் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்துவார்கள். அதில் தப்பில்லை, ஆனால் தளர்த்துவது என்பது வேறு, நட்டுப் பூட்டு இல்லாமல் விடுவது என்பது வேறு. பார் அசையலாம், போல்ட் வெளியே வரக் கூடாது. இந்த இடத்தில்தான் அரைகுறையாகக் கேட்டுவிட்டு வந்த புது அப்பாக்கள் (நானும் ஒரு காலத்தில்) ஒரு நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு "செட்டிங் பண்ணியிருக்கேன்" என்பார்கள்.

போட்டி நடத்துபவர்களுக்கு உங்கள் மூலமாக இரண்டு வேண்டுகோள். பாடி பிளாஸ்டிக் பற்றிய விதிகள் மொத்தமாக இரண்டு மூன்று பக்கம்தான் வரும். படத்தோடு தமிழில் அச்சடித்து, பதிவு செய்யும்போதே கையில் கொடுங்கள். இங்கே வண்டி பூட்டுகிற மெக்கானிக்குகள் முக்கால்வாசிப் பேர் தமிழ் மட்டும் படிப்பவர்கள், ஓட்டுநர் கூட்டத்தில் மைக்கில் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்வதை அவர்கள் காதில் வாங்குவதே இல்லை. அப்புறம், ஒவ்வொரு ஃபைனலுக்கும் முன்னால் கிளாம்பையும் பம்பரையும் வரிசையில் நிற்கும்போதே கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு வண்டிக்கு அரை நிமிடம் போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படித் தண்டனை பற்றி எழுதும்போது, அந்தப் பம்பர் எப்படிச் சரிந்தது, யாரை இடித்து, எந்த வளைவில் என்று நிருபரை ஒரு வார்த்தை கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தப் பையன் யாரையும் இடிக்காமல் தள்ளப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அவன் அப்பாவோடு சேர்ந்து நானும் கோபப்படுகிறேன்.

வரும் ஞாயிறு மகளுக்கு அடுத்த சுற்று. வெள்ளிக்கிழமையே நைலாக் நட்டு ஒரு பாக்கெட் வாங்கி வைத்துவிட்டேன், எண்ணிப் பார்த்தது அவள்தான்.

இப்படிக்கு,
ஒரு கார்ட் ஓட்டுநரின் அப்பா,
கோயம்புத்தூர்.